4.5 மி.மீ. ஏர் ரைஃபிள், 50 செ.மீ. பேரல்: எட்டு மாதம் சுட்டுப் பார்த்த பிறகு

பெங்களூரில் ஒரு கடையில் சொல்லிவைத்துச் செய்து வாங்கிய பிசிபி ஏர் ரைஃபிள் (உருளையில் முன்கூட்டியே அழுத்தி அடைத்த காற்றால் சுடுவது) கைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இதுவரை பெல்லட் என்கிற சின்ன ஈயக்குண்டு நாலாயிரத்துக்கு மேல் சுட்டிருப்பேன். ரைஃபிளுக்கு மட்டும் 52,000 ரூபாய் ஆனது, ஸ்கோப்பும் ஹேண்ட் பம்பும் தனி. இப்போது இதைக் கையில் எடுத்தால் மனசுக்கு நிறைவாக இருக்கிறது, ஆனால் முதல் ஆறு வாரம் அப்படி இல்லை. அந்த ஆறு வாரம் ஏன் வீணானது என்பதைச் சொல்லத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன், ஏனென்றால் வாங்குவதற்கு முன் நான் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டது பேரல் என்கிற குழலின் நீளமும் காலிபர் என்கிற அதன் உள்விட்டமும் பற்றி, கடைசியில் என்னைப் படுத்தியதோ வேறு இரண்டு சின்ன விஷயங்கள்.

கடையின் பெயரை எழுதவில்லை. அங்கே நடந்ததில் பாதி அவர்கள் தப்பு, பாதி அவர்களே சரி செய்தது.

நான் அல்சூரில் இருக்கிறேன். மூன்று வருடமாக ஒரு கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறேன், அங்கே இருப்பது கிளப்பின் துப்பாக்கி, அதை வெளியே எடுத்துப்போக முடியாது. மனைவியின் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டினம் பக்கம், மாமாவுக்கு மாந்தோப்பு இருக்கிறது, தோப்பின் கோடியில் ஆளுயர மண்மேடு ஒன்று. அதைப் பார்த்த நாள் முதல் அங்கே 25, 30 மீட்டரில் சுட ஒரு ரைஃபிள் வேண்டும் என்று ஆசை. 10 மீட்டரில் காற்று வீசுவதும் தெரியாது, பெல்லட் கீழே இறங்குவதும் தெரியாது, 30 மீட்டரில் எல்லாம் தெரியும்.

முதலில் கேட்டது டல்லாஸில் இருக்கும் சித்தப்பா பையனிடம். அவன் அங்கே மான் வேட்டைக்குப் போகிறவன், அந்த ஊரில் லைசன்ஸும் சீசனும் உண்டு, போன வருடம்தான் தனக்கென்று ஒரு ரைஃபிள் கட்டினான். .308 வின்செஸ்டரா 6.5 கிரீட்மோரா என்று இரண்டு தோட்டா வகைக்கு நடுவே அவனும் ரொம்ப நாள் அல்லாடிவிட்டு 6.5 கிரீட்மோர் எடுத்தான், 22 அங்குல பேரல், 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று ட்விஸ்ட் (பேரலின் உள்ளே தோட்டாவைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளங்களின் முறுக்கு). .308 1952-இல் வந்தது, எந்தக் கடையிலும் தோட்டா கிடைக்கும். 6.5 2007-இல் வந்தது, தோள் இடி குறைவு, நீளமான ஒல்லித் தோட்டா காற்றை நன்றாக வெட்டிக்கொண்டு போகும், அந்த நீளத் தோட்டா தலை சாயாமல் போக ட்விஸ்ட் வேகமாக இருக்க வேண்டும், அதனால்தான் .308-இல் பொதுவாக 10 அல்லது 12 என்றால் இதில் 8. இதெல்லாம் எனக்கு நேரடியாக உதவாது என்று அவனுக்கும் தெரியும். ஆனால் அவன் கேட்ட மூன்று கேள்வி உதவியது: "எதைச் சுடப்போறே, எவ்வளவு தூரத்துல, அதைத் தூக்கிட்டு எவ்வளவு நேரம் நடக்கப்போறே? இதுக்குப் பதில் சொல்லிட்டியானா காலிபரும் பேரலும் தானா வந்துடும்."

என் பதில் சுலபம். சுடுவது காகிதமும் தகரடப்பாவும். அதிகபட்சம் 35 மீட்டர். நடை கிடையாது, ஒரு மரப்பெஞ்சு.

காலிபருக்கு வருவோம். ஏர் ரைஃபிளில் பெரும்பாலும் இரண்டுதான் பேச்சு: 4.5 மி.மீ. என்கிற .177, 5.5 மி.மீ. என்கிற .22 (புள்ளி வைத்த எண்கள் அங்குலக் கணக்கு). நம் நாட்டில் 2016-இன் ஆயுத விதிகள் கிட்டத்தட்ட முடிவு செய்து கொடுத்துவிடுகின்றன. காலிபர் 4.5 மி.மீ.க்குள், பெல்லட் கிளம்பும் சக்தி 20 ஜூலுக்குள் என்றால் லைசன்ஸ் தேவையில்லை, அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். .22 என்றால் அது காற்றில் சுடுவதாக இருந்தாலும் லைசன்ஸ் வேண்டும். கடைக்காரர் என்னிடம் ".22 எடுங்க சார், அடி பலமா இருக்கும், பேப்பரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்னார். அப்புறம் பார்த்துக்கொள்கிற பேப்பர் இல்லை இது. இப்படி யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள், மாட்டுவது நீங்கள்தான்.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும் எனக்கு .177தான் சரி. இரண்டுக்கும் ஒரே 16 ஜூல் சக்தி என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8.44 கிரெய்ன் (சுமார் 0.55 கிராம்) எடையுள்ள .177 பெல்லட் விநாடிக்கு 242 மீட்டரில் கிளம்பும், 14 கிரெய்ன் சொச்சம் உள்ள .22 பெல்லட் 185-இல் கிளம்பும். 30 மீட்டர் போவதற்குள் முன்னது சுமார் 9 செ.மீ. கீழே இறங்கும், பின்னது 15 செ.மீ. தூரத்தைக் கண்ணால் குத்துமதிப்பாக எடைபோட்டுச் சுடுகிறவனுக்கு இந்த ஆறு செ.மீ. பெரிய வித்தியாசம். லைசன்ஸ் இல்லாத ஏர் ரைஃபிளுக்கு ஏறக்குறைய 16 ஜூல் என்று எல்லை வைத்திருக்கும் இங்கிலாந்தில் ஃபீல்டு டார்கெட் (வெவ்வேறு தூரத்தில் வெளியில் வைத்த இலக்குகளைச் சுடும்) போட்டிக்குப் போகிறவர்கள் அநேகமாக எல்லோரும் .177 பிடிப்பது இந்தத் தட்டையான பாதைக்காகத்தான். அதே ஊரில் முயலுக்கும் எலிக்கும் போகிறவர்களில் பலர் .22 எடுக்கிறார்கள், அது வேறு வேலை. 10 மீட்டர் ஒலிம்பிக் போட்டிக்கும் 4.5தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும், 2008-இல் பெய்ஜிங்கில் அபிநவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும் இந்த நாலரை மில்லிமீட்டரில்தான். அந்த டார்கெட்டில் பத்து மதிப்பெண் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி.

இதோடு சேர்த்து ஒன்று. ரைஃபிளோடு முதல் தடவை தோப்புக்குப் போனபோது மாமா ரொம்ப நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, மயிலு வந்து நெலக்கடலை பூரா கொத்திட்டுப் போவுது, ஒண்ணு ரெண்ட தட்டிவிட்டா மத்தது வராதுல்ல?" என்று கேட்டார். அவர் நஷ்டம் உண்மையானது, அந்தப் பக்கத்து விவசாயிகள் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் மயில் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, சிறைக்குப் போகிற குற்றம். மயில் மட்டுமில்லை, கொக்கு, மைனா, கிளி எதையும் ஏர்கன்னால் அடிப்பதும் வேட்டைதான். மாமாவிடம் அதைச் சொன்னேன், அவரும் விட்டுவிட்டார். அருணாச்சலப் பிரதேசத்தில் 2021-இல் ஆரம்பித்து ஊர் ஊராக மக்கள் தங்கள் ஏர்கன்களை அரசிடம் ஒப்படைத்தார்கள், குருவி பிழைக்கட்டும் என்று. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, பறவை மேல் ஸ்கோப்பைத் திருப்புவதுகூட இல்லை என்று வைத்திருக்கிறேன். இந்தப் பொழுதுபோக்கு நம் நாட்டில் லைசன்ஸ் இல்லாமல் நீடிக்க வேண்டுமானால் நாம் எல்லோரும் அப்படி இருந்தே ஆக வேண்டும்.

சரி, பேரல்.

கடையில் இரண்டு நீளம் சொன்னார்கள், 50 செ.மீ., 60 செ.மீ. அறுபதுக்கு ஆறாயிரம் கூடுதல். "நீளம் ஜாஸ்தின்னா குறி ஜாஸ்தி" என்றார் கடைக்காரர். இந்தப் பேச்சை எல்லா இடத்திலும் கேட்பீர்கள், நம்பாதீர்கள். நீளம் கூடினால் பிசிபியில் என்ன ஆகும் என்றால், உருளையில் அடைத்து வைத்த காற்று பெல்லட்டைக் கொஞ்சம் கூடுதல் நேரம் தள்ளும், அதனால் வேகம் ஏறும், அல்லது அதே வேகத்துக்குக் காற்று குறைவாகச் செலவாகும். அவ்வளவுதான். ஸ்பிரிங் துப்பாக்கியில் அதுகூடக் கிடையாது, பெல்லட் முதல் ஒரு சாண் ஓடுவதற்குள்ளேயே வேகமெல்லாம் எடுத்துவிடும், மீதிப் பேரல் மடக்கி ஏற்றுவதற்குக் கைப்பிடிதான். குறி என்பது பேரலின் உள்ளே எவ்வளவு சீராக இருக்கிறது, வாய் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதில் இருக்கிறது.

அப்புறம் நமக்கு 20 ஜூல் என்று ஒரு கூரை இருக்கிறது. கிளப் நண்பரின் கிரோனோகிராஃபை, அதாவது பெல்லட்டின் வேகம் அளக்கும் கருவியை, கடன் வாங்கி அளந்ததில் என் 50 செ.மீ. பேரல் 8.44 கிரெய்ன் பெல்லட்டை விநாடிக்கு 255 மீட்டரில் விடுகிறது, கணக்குப் போட்டால் 17.8 ஜூல். அதே பெல்லட் 270-ஐத் தொட்டால் 19.9 ஜூல். ஆக, அறுபது செ.மீ. பேரலில் வேகம் ஏறினால் எல்லையைத் தாண்டிவிடும், தாண்டாமல் இருக்க வேகத்தைக் குறைத்து வைக்க வேண்டும், அப்புறம் எதற்கு ஆறாயிரம்? இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியவில்லை: பிசிபியில் பெல்லட் எடை கூடினால் சக்தியும் கூடும். 10.34 கிரெய்ன் போட்டபோது வேகம் 238-க்கு இறங்கியது, சக்தி 19 ஜூலுக்கு ஏறிவிட்டது. அதனால் ஜூல் கணக்கை நீங்கள் போடப்போகிற பெல்லட்டிலேயே அதிக எடை உள்ளதை வைத்துப் பாருங்கள். டப்பாவில் அச்சிட்ட எண்ணை வைத்து வேண்டாம்.

ட்விஸ்ட் பற்றி நான் கவலைப்பட்டது தேவையே இல்லை. ஏர் ரைஃபிள் பேரல்களில் 45 செ.மீ.க்கு ஒரு சுற்று என்கிற அளவு ரொம்பப் பரவலானது. பெல்லட் நடுவில் ஒடுங்கி, பின்னால் பாவாடை மாதிரி விரிந்திருக்கும், இறகுப்பந்து எப்படித் தலையை முன்னால் வைத்துப் போகிறதோ அதே மாதிரி பாதி வேலையை அந்த வடிவமே பார்த்துக்கொள்ளும், மெதுவான சுழற்சியே போதும். சோக் கேட்டு வாங்கினேன், அதாவது வாய்க்கு முந்தைய சில செ.மீ. மட்டும் உள் அளவு ஒரு மயிரிழை குறுகியிருக்கும், பெல்லட்டுகளில் கொஞ்சம் பெரிசு சிறிசு இருந்தாலும் அந்த இடத்தில் எல்லாம் ஒரே அளவுக்கு வந்துவிடும். பெல்லட்டை ஒரு குச்சியால் மெல்லத் தள்ளிப் பார்த்தால் கடைசியில் இறுகுவது கைக்கே தெரிகிறது. ஜெர்மனியின் லோத்தர் வால்தர் பேரல் போட்ட ஒரு ரைஃபிளை கிளப்பில் இப்படித் தள்ளிப் பார்த்திருக்கிறேன், தொடக்கம் முதல் சோக் வரை எண்ணெய் மேல் போகிற மாதிரி ஒரே சீர். என்னுடையது உள்நாட்டுப் பேரல், நடுவில் ஓரிடத்தில் லேசாகத் தளர்கிறது, ஆனால் சோக் அதைச் சமாளித்துவிடுகிறது.

இப்போது அந்த ஆறு வாரம். தோப்பில் 25 மீட்டரில் ஜீரோ வைத்தேன், அதாவது ஸ்கோப் காட்டும் இடத்திலேயே பெல்லட் விழும்படி திருகி வைத்தேன். முதல் பத்து ஷாட் நன்றாகவே ஒரு கொத்தாக விழுந்தது, அடுத்த பத்து இடது பக்கம் நகர ஆரம்பித்தது, முப்பதாவது ஷாட்டுக்குள் மூன்று செ.மீ. தள்ளிப் போய்விட்டது. உருளையில் காற்றழுத்தத்தை மறுபடி 200 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) ஏற்றினால் மறுபடி பழைய இடத்துக்கு வரும். இதுபோக, அவ்வப்போது ஒரு பெல்லட் காரணமே இல்லாமல் தனியாக ஓடும். ஸ்கோப்பைச் சந்தேகப்பட்டேன், அதைப் பிடித்திருக்கும் மவுண்டைக் கழற்றி மாட்டினேன், வேறு ஸ்கோப் போட்டேன், மூச்சு விடுவது சரியில்லையோ என்று என்னையே சந்தேகப்பட்டேன். வாராவாரம் அத்திப்பள்ளி சுங்கச்சாவடி தாண்டிப் போய், தொண்ணூறு சொச்சம் கிலோமீட்டர் ஓட்டி, மனசு உடைந்து திரும்பி வந்தேன். கடைக்கு போன் செய்தால் "பெல்லட் மாத்திப் பாருங்க சார், அறுபது பேரல் எடுத்திருந்தா இந்தப் பிரச்சனையே வந்திருக்காது" என்று பதில். அந்தப் பதிலுக்கு இன்னும் எனக்குக் கோபம் இருக்கிறது. பணம் வாங்கியவர் ஒரு தடவை கொண்டு வாங்க என்று சொல்லியிருந்தால் போதும்.

நாலாவது போனுக்குப் பிறகு நானே தூக்கிக்கொண்டு போனேன். முன்னால் கடை, பின்னால் ஒரு சின்ன பட்டறை. அங்கே ஆம்பூர்க்காரர் ஒருவர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், மூக்கில் கண்ணாடி. என் கதையைப் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு சட்டைப்பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்தார். பேரலையும் கீழே இருக்கிற காற்று உருளையையும் முன்பக்கம் சேர்த்துப் பிடிக்கிற வளையம் ஒன்று உண்டு, பேரல் பேண்ட் என்பார்கள். அந்த வளையத்துக்கும் பேரலுக்கும் நடுவே நோட்டை விட்டுப் பார்த்தார். நுழையவே இல்லை. "பாத்தியா தம்பி? உருளையில காத்து ஏறுனா அது துளி விறைக்கும், இறங்குனா தளரும். இந்த வளையம் பேரலைக் கவ்விக்கிட்டு இருந்தா, உருளை அசையறப்போ எல்லாம் பேரலையும் சேத்து இழுக்கும். நீ என்ன பண்ணுவே, உன் கையில என்ன தப்பு?"

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அவர் காலில் விழலாம் என்று இருந்தது.

அடுத்து ஒரு பஞ்சுக்குச்சியை எடுத்து, காது குடைகிறோமே அதேதான், பேரல் வாயில் உள்ளே விட்டு விளிம்பை உரசிக்கொண்டே மெதுவாக வெளியே இழுத்தார். மூன்று பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது, நாலாவது பக்கத்தில் நூல் நூலாகப் பஞ்சு மாட்டிக்கொண்டு நின்றது. பிசிறு. கண்ணுக்குத் தெரியவில்லை, லென்ஸ் வைத்துக் காட்டியபோதுதான் ஒரு வரிப்பள்ளத்தின் நுனியில் ஊசிமுனை அளவுக்கு உலோகம் எழும்பி நின்றது தெரிந்தது. பெல்லட் பேரலை விட்டுப் பிரிகிற கணத்தில் கடைசியாகத் தொடுவது அந்த விளிம்பைத்தான், பின்னால் இருந்து காற்று சுற்றிலும் சமமாக வெளியேற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் தடுக்கினால் பெல்லட்டின் பாவாடையை அது ஒரு பக்கமாக உதைத்துவிடும். ஓடிப்போன அத்தனை பெல்லட்டுக்கும் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆளை விட்டுப் பேரலைக் கழற்றி லேத்தில் பிடித்து வாயைப் புதிதாகக் கடைந்து, வளையத்தின் துளையையும் நோட்டு தாராளமாக ஓடுகிற அளவுக்குத் திறந்து, அன்று சாயங்காலமே கையில் கொடுத்துவிட்டார்கள். பைசா வாங்கவில்லை. இது அவர்கள் சரி செய்த பாதி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காற்றில்லாத காலை ஏழு மணி, 30 மீட்டர். ஐந்து பெல்லட்டும் ஒரு ரூபாய்க் காசு வைத்தால் மறைகிற மாதிரி விழுந்தன. 200 பாரில் தொடங்கி 130 பார் வரை நாற்பத்தைந்து ஷாட், இடம் மாறவில்லை. அந்தக் காகிதத்தை மடிக்காமல் வைத்திருக்கிறேன்.

பெல்லட்டுக்குச் செலவு செய்யுங்கள், அந்த ஆறாயிரத்தை அதில் போடுங்கள். ஒவ்வொரு பேரலுக்கும் ஒரு ருசி இருக்கிறது, பக்கத்தில் இருப்பவருக்குச் சேர்வது நமக்குச் சேராது. நான் ஐந்து வகை வாங்கினேன். 10 மீட்டருக்குப் போடும் தட்டைத்தலை பெல்லட் காகிதத்தில் வட்டமாக அழகாகத் துளை போடும், ஆனால் 25 மீட்டருக்கு மேல் கலைந்துபோகிறது. கூர்முனை என்று விற்பதை எடுக்காதீர்கள். உருண்டைத்தலைதான் தூரத்துக்கு. என் பேரல் ஜேஎஸ்பி எக்ஸாக்ட் 8.44 கிரெய்ன், 4.52 மி.மீ. தலையளவு உள்ளதை விரும்புகிறது, அதே பெல்லட்டில் 4.51 போட்டால் கொத்து ஒன்றரை மடங்கு விரிகிறது. நூறில் ஒரு மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று நானும் நினைத்தவன்தான். வகை மாற்றும்போது முதல் இருபது ஷாட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள், பழைய பெல்லட்டின் ஈயப்பூச்சு போய்ப் புதியது படிய அவ்வளவு ஆகும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஈயம் அது, குழந்தை இருக்கிற வீடு.

மற்றவை சுருக்கமாக. மரக்கட்டை வேலை நன்றாக இருக்கிறது, கன்னம் வைக்கும் இடம் எனக்கு அரை விரல் உயரம் போதவில்லை. டிரிகர் பரவாயில்லை. ஹேண்ட் பம்ப் உடம்பை முறிக்கும், 130-இலிருந்து 200 ஏற்ற எழுபது எண்பது தடவை, ஐம்பது அடித்துவிட்டு ஐந்து நிமிடம் ஆறவிட்டால் பம்பும் பிழைக்கும் நீங்களும் பிழைப்பீர்கள். மழைக்காலத்தில் அடியில் இருக்கிற ஈரம் வடிக்கும் திருகை மறக்காமல் திறந்துவிடுங்கள். காற்று போகிற பாதையில் மெஷின் ஆயில், தேங்காய் எண்ணெய் எதுவும் படக்கூடாது, அந்த அழுத்தத்தில் எண்ணெய் பற்றி வெடிக்கும், சிலிகோன் கிரீஸ் மட்டும்தான். எல்லை தாண்டிப் போகும்போது பில்லும் ரைஃபிள் மாதிரியின் விவரத்தாளும் உறைக்குள் இருக்கட்டும், என்னை ஒரு தடவை கிருஷ்ணகிரி பக்கம் நிறுத்தினார்கள், பில்லைப் பார்த்துவிட்டு உடனே அனுப்பிவிட்டார்கள்.

இந்தக் கடையிலேயே மறுபடி வாங்குவேனா என்றால், வாங்குவேன், ஆனால் முன்கடையில் பேச்சை வளர்க்காமல் பட்டறைக்குள் போய்ப் பெரியவர் முன்னால் வைத்துத்தான் பணம் கொடுப்பேன். அவர் இல்லாத நாளாக இருந்தால் திரும்பி வந்துவிடுவேன். நீங்கள் வேறு எங்கே வாங்கினாலும் பஞ்சுக்குச்சி இரண்டும் புதுசாக ஒரு பத்து ரூபாய் நோட்டும் கையோடு கொண்டுபோங்கள். மாட்டேன் என்று சொல்கிற கடையில் வாங்க வேண்டாம், சரி பாருங்க என்று ரைஃபிளை நீட்டுகிற கடையில் முதலில் ஏற்றியிருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டு, வாயைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு, நாலு பக்கமும் குச்சியை இழுத்துப் பாருங்கள்.